சைக்கிள் மிதித்தால் எத்தனை கலோரி செலவாகும்?

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதளச் சாலையில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறார். சராசரி வேகம் மணிக்கு 15.9 கிலோமீட்டர். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் அட்டவணையைப் பார்த்தால், அவர் 280 கலோரி செலவழித்திருக்கிறார். மறுநாள் அதே சாலையில் கொஞ்சம் எட்டி மிதிக்கிறார். வேகம் 16.2 ஆகிறது. அதே அட்டவணை இப்போது 476 கலோரி என்கிறது. கால்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. கணக்கில் மட்டும் 196 கலோரி ஏறிவிட்டது. (இந்தக் கட்டுரையில் கலோரி என்பதெல்லாம், உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கிலோகலோரியையே குறிக்கும்.)

கைபேசிச் செயலிகளில் பலவும், ஜிம் சைக்கிள்களின் திரைகளும் இப்படிப்பட்ட அட்டவணைகளை நம்பித்தான் எண்களைக் காட்டுகின்றன. எடை குறைக்க நினைப்பவரும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கப் போராடுபவரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அன்றைய சாப்பாட்டை முடிவு செய்கிறார்கள். ஆகவே அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அந்த அட்டவணை அமெரிக்காவில் பார்பரா எய்ன்ஸ்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட உடல் உழைப்புத் தொகுப்பு. 2000, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. அதன் அலகு ‘மெட்’. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிப்பது 1 மெட்; அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி. 2011ஆம் ஆண்டுப் பதிப்பின்படி மணிக்கு 10 மைலுக்குக் குறைவாக, அதாவது 16 கிலோமீட்டருக்குக் குறைவாக சைக்கிள் ஓட்டுவது 4 மெட். அதைத் தாண்டி 19 கிலோமீட்டர் வரை 6.8 மெட். எடையையும் நேரத்தையும் மெட்டையும் பெருக்கினால் விடை வந்துவிடும். படிக்கட்டில் ஏறுவதுபோல எண் தாவுவதற்குக் காரணம் இதுதான்: வேகம் சிறிது சிறிதாகக் கூடுகிறது, அட்டவணையோ வரிசை வரிசையாக மட்டுமே பேசுகிறது.

குறை அட்டவணையைச் செய்தவர்களிடம் இல்லை. ஆயிரக்கணக்கான பேரின் உடல் உழைப்பை ஒப்பிடும் கணக்கெடுப்புகளுக்காக அவர்கள் அதைத் தொகுத்தார்கள்; ஒரு தனி மனிதர் இன்று காலை எவ்வளவு செலவழித்தார் என்று சொல்வதற்காக அல்ல. அடிப்படை அலகே எல்லோருக்கும் பொருந்துவதில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 769 பேரை ஓய்வில் வைத்து அளந்தபோது, கிலோவுக்கு மணிக்கு 1 கலோரிக்குப் பதில் சராசரியாக 0.84தான் வந்தது. உடலில் கொழுப்பின் பங்கு கூடக்கூட இந்த எண் இன்னும் இறங்கும். எடை குறைக்கவென்று சைக்கிளில் ஏறுபவருக்குத்தான் அட்டவணை அதிகம் தப்பாகிறது என்பது வருத்தமான விஷயம்.

காற்று செய்யும் வேலை

சைக்கிள் ஓட்டுபவர் மூன்றை எதிர்த்து மிதிக்கிறார்: தரையில் டயர் உரசுவது, முகத்தில் மோதும் காற்று, மேடு. சமதளத்தில் முதல் இரண்டும்தான். கேரியர், செயின் கவர் எல்லாம் வைத்த 20 கிலோ சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 70 கிலோ மனிதருக்கு டயருக்காக ஏறத்தாழ 30 வாட், காற்றுக்காக 25 வாட், மொத்தம் 55 வாட் தேவை. அதே மனிதர் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயருக்கு 50 வாட், காற்றுக்கோ 115 வாட். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, உழைப்பு மூன்று மடங்காகிவிட்டது. காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதே காரணம். டயரில் காற்று இறங்கியிருந்தால் டயரின் பங்கு எளிதில் இரட்டிப்பாகும். வேகமும் நேரமும் மாறாமலே கலோரி கூடும்.

இதுவரை சொன்னது காற்றில்லாத நாளின் கணக்கு. ஆடி மாதத்தில் காவல்கிணறிலிருந்து மேற்கே ஆரல்வாய்மொழி நோக்கி சைக்கிள் மிதித்தவர்களுக்கு மறுபக்கம் தெரியும். முப்பந்தலில் சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே குவிந்து அங்கே நேர் எதிராக அடிக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் எதிர்காற்றில், பல்லைக் கடித்துக்கொண்டு 10 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படுவது 110 வாட். காற்றில்லாத சாலையில் 15இல் போவதைவிட இரண்டு மடங்கு உழைப்பு. ஆனால் செயலிக்குத் தெரிவது வேகம் மட்டுமே. 10 கிலோமீட்டர்தானே, நிதானமான சவாரி என்று 4 மெட் போட்டுவிடும். அதே சாலையில் திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளுகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் உடம்பில் காற்றே மோதாது. டயருக்கான 50 வாட் போதும். செயலி இதைக் கடும் பயிற்சி என்று எடுத்துக்கொண்டு 10 மெட் கொடுக்கும். பாடுபட்ட வழிக்குக் குறைத்தும் சுகமாக வந்த வழிக்குக் கூட்டியும் எழுதப்பட்ட கணக்கு அது.

உடம்புக்குள் நடப்பது

பெடலில் இறங்கிய ஆற்றலும் உடல் செலவழித்த ஆற்றலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் வில்பர் அட்வாட்டரும் இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவும் ஓர் ஆள் நாள் கணக்கில் தங்கக்கூடிய சிறிய அறையைக் கட்டினார்கள். காற்றுப் புகாத உலோகச் சுவர்கள். உள்ளே ஒரு கட்டில், நாற்காலி, மேசை. உள்ளே இருப்பவரின் உடல் விடும் வெப்பத்தைக் குழாயில் ஓடும் குளிர்ந்த நீர் வாங்கிக்கொண்டு வெளியேறும். அந்த நீர் எவ்வளவு சூடேறியது என்று அளப்பார்கள். மூச்சுக்காற்றை அளந்தார்கள், கொடுத்த சாப்பாட்டை எடைபோட்டார்கள், கழிவையும் விடவில்லை. அறைக்குள் நகராத சைக்கிள் ஒன்றும் இருந்தது. அதை மிதித்தால் சிறு மின்னாக்கி சுழலும். கால்கள் செய்த வேலை மின்சாரமாகக் கணக்கில் வரும். சாப்பாட்டில் உள்ளே போன ஆற்றலும் வெப்பமாகவும் வேலையாகவும் வெளியே வந்த ஆற்றலும் மிக நெருக்கமாகப் பொருந்தின. பின்னர் 1913இல் பிரான்சிஸ் பெனடிக்டும் எட்வர்ட் காத்கார்ட்டும் தொழில்முறை சைக்கிள் வீரர் ஒருவரை நூற்றுக்கணக்கான முறை மிதிக்கவைத்து நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது என்று அவை காட்டின.

இன்றைய அளவீடுகளும் 20 முதல் 25 சதவீதம் என்கின்றன. மிச்சமெல்லாம் வெப்பம். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு கலோரி என்பது 4.184 கிலோஜூல். உடல் எரிப்பதில் கால்வாசி பெடலுக்குப் போகிறது என்றால், பெடலில் செய்த ஒவ்வொரு கிலோஜூல் வேலைக்கும் உடல் ஏறத்தாழ ஒரு கலோரி எரித்திருக்கும். இரண்டு எண்களும் தற்செயலாக ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் 1986இல் சைக்கிளுக்கான பவர் மீட்டரை உருவாக்கினார். கால் அழுத்தத்தில் உலோகம் நுண்ணிய அளவு வளைவதை அளந்து, எத்தனை வாட் என்று சொல்லும் கருவி அது. அது காட்டும் கிலோஜூலை அப்படியே கலோரி என்று பந்தய வீரர்கள் எடுத்துக்கொள்வது இந்த அடிப்படையில்தான். மிக மெதுவாக மிதிக்கும்போது மட்டும் இது சரிவராது. முன்பு பார்த்த 55 வாட் சவாரியில் பெடலில் இறங்குவது மணிக்கு 200 கிலோஜூல். ஓய்விலும் உடல் எரிக்கும் பங்கு பெரிதாகத் தெரிவதால் மொத்தச் செலவு 270 கலோரியை நெருங்கும்.

பவர் மீட்டர் விலை அதிகம். அது இல்லாதவர்களுக்கு மலை இருக்கிறது. ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் காற்றின் பங்கு சுருங்கிவிடும்; எவ்வளவு எடையை எவ்வளவு உயரம் தூக்கினோம் என்பதே பெரும்பகுதிக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, ஏறியது 100 மீட்டர் என்றால் வேலை 98 கிலோஜூல். கிட்டத்தட்ட 100 கலோரி. வேகமாக ஏறினாலும் நின்று நின்று ஏறினாலும் இந்தப் பகுதி மாறாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். 70 கிலோ மனிதர், கியர் சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்தால், உயரத்துக்கு மட்டும் 1,580 கிலோஜூல். ஐம்பது கிலோமீட்டருக்கு டயர், காற்று, செயினில் போகும் இழப்பையும் சேர்த்தால் 2,000 ஆகும். உடலின் விகிதம் 20ஆ 25ஆ என்பதைப் பொறுத்து 1,900 முதல் 2,400 கலோரி. இவ்வளவு நெருக்கமான மதிப்பீடு சமதளச் சாலையில் கிடைக்காது.

கைக்கடிகாரம் பொய் சொல்கிறதா?

ஸ்மார்ட் வாட்ச் காற்றையும் மேட்டையும் பார்ப்பதில்லை, இதயத்துடிப்பைப் பார்க்கிறது. உழைப்பு கூடினால் துடிப்பும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் துடிப்பைக் கூட்டும் காரணங்கள் வேறும் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் ஒரே சீராக மிதித்தாலும் நேரம் போகப் போகத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். தோலைக் குளிரவைக்க ரத்தம் அங்கே திருப்பப்படுகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. கடிகாரம் இதைக் கூடுதல் உழைப்பு என்று எண்ணிக் கலோரியை ஏற்றும். தூக்கம் கெட்ட இரவும் வலுவான காபியும்கூட இதைச் செய்யும். மறுபுறம் ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு மருந்தால் அடங்கியிருக்கும். எவ்வளவு மிதித்தாலும் எண் குறைவாகவே வரும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கைக்கருவிகளை 60 பேர் அணிந்து நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்தார்கள். இதயத்துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாக அளந்தன. கலோரியிலோ இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பின் மேம்பட்டிருக்கலாம். ஆனால் துடிப்பை வைத்து உழைப்பை ஊகிக்கும் வழி மாறவில்லை என்பதால், அந்த எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள் என்றே சொல்வேன்.

வியர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டை நனைந்தால் நிறையக் கொழுப்பு கரைந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வியர்வை, உடல் சூட்டை வெளியேற்றும் வழி. சென்னையின் ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டுவதால்தான் சட்டை நனைகிறது. சவாரி முடிந்து எடை பார்க்கும்போது குறைந்திருப்பது பெரும்பாலும் தண்ணீர், குடித்தால் திரும்பிவிடும்.

இன்னொரு கழித்தல் பாக்கி இருக்கிறது. ஒரு மணி நேர நிதான சவாரிக்கு 280 கலோரி என்று அட்டவணை சொன்னதே, அந்த ஒரு மணி நேரம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 70 கலோரி போயிருக்கும். சைக்கிளால் கூடுதலாகச் செலவானது 210தான். பெரும்பாலான திரைகள் மொத்தத்தையே காட்டுகின்றன. ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயில் 120 கலோரி. அப்படி இரண்டு கரண்டி கூடுதலாக உள்ளே போனால் அந்தச் சவாரியின் கணக்கு நேராகிவிடும். உடலும் தன் பங்குக்கு மிச்சம் பிடிக்கிறது. 1,754 பேரின் அன்றாட ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, கூடுதலாக உழைத்துச் செலவழிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் மற்ற வேலைகளில் குறைத்து ஈடுகட்டுவதாகக் கணித்தது. எடை அதிகமானவர்களிடம் இது இன்னும் கூடுதல்.

இதனால் யாரும் சைக்கிளை ஓரங்கட்டிவிட வேண்டாம். மிதிக்கும் தசைகள் இன்சுலின் உதவியில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன, இதயம் வலுப்பெறுகிறது. கலோரி எண்ணிக்கையில் இவை எதுவும் தெரியாது. என்னைக் கேட்டால், இவற்றுக்காகவே தினமும் மிதிக்கலாம்.

கணக்கு வேண்டும் என்பவர்கள் எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, நிதான சவாரிக்கு 3ஆலும், 20 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்துக்கு 7ஆலும் பெருக்கினால் ஒரு மணி நேரத்தின் கூடுதல் செலவு கிடைக்கும். 60 கிலோ பெண்மணிக்கு முதலாவது 180, இரண்டாவது 420. கால்வாசி முன்னே பின்னே இருக்கலாம். கடிகாரம் வைத்திருப்பவர்கள் ஒரே சாலை, ஒரே நேரம், ஒரே கருவி என்று வைத்துக்கொண்டு, இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடலாம்; பக்கத்து வீட்டுக்காரரின் கடிகாரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. செயலியில் பதிந்திருக்கும் எடையையும் அவ்வப்போது பாருங்கள். 80 கிலோவாக இருந்தபோது பதிந்ததை 72 ஆன பிறகும் மாற்றாமல் விட்டால், ஒவ்வொரு சவாரிக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியே காட்டிக்கொண்டிருக்கும்.