முகமூடியைக் கழற்றியவனா, பழியைச் சுமந்தவனா? 'ஸ்பைடர்மேன் 2' - 'தி டார்க் நைட்': எது சிறந்த இரண்டாம் பாகம்?

சூப்பர் ஹீரோ பட ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பஞ்சாயத்து கட்டாயம் உண்டு. சிறந்த இரண்டாம் பாகம் எது? 1980-ல் வந்த 'சூப்பர்மேன் 2', 2003-ல் வந்த 'எக்ஸ் 2', 2014-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' என்று பட்டியல் நீளும். ஆனால், அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு களத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டே படங்கள்தான். ஒன்று, 2004-ல் சாம் ரெய்மி இயக்கிய 'ஸ்பைடர்மேன் 2'. இன்னொன்று, 2005-ல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தின் தொடர்ச்சியாக, கிறிஸ்டோபர் நோலன் 2008-ல் கொடுத்த 'தி டார்க் நைட்'.

இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டிப் பார்க்கலாம். (இரண்டு படங்களின் கிளைமாக்ஸும் இங்கே பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது!)

இரண்டாம் பாகத்தின் வேலை என்ன?

முதல் பாகத்துக்கு ஒரு வசதி உண்டு. ஹீரோ எப்படி ஹீரோ ஆனான் என்ற கதையே பாதிப் படத்தை இழுத்துச் சென்றுவிடும். சிலந்தி கடிக்கும், சக்தி வரும், பையன் முதன்முதலாகச் சுவரில் ஏறுவான். நமக்கும் குஷியாக இருக்கும். அல்லது பெற்றோரைக் கொள்ளைக்காரன் கொன்றுவிடுவான். மகன் பயிற்சி எடுத்துக்கொண்டு கறுப்பு உடையில் திரும்பி வருவான்.

இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சொகுசு கிடையாது. சக்தி ஏற்கெனவே வந்துவிட்டது. வில்லனை மட்டும் மாற்றி, சண்டையைப் பெரிதாக்கினால் அது முதல் படத்தின் நகலாகத்தான் இருக்கும். புதிதாகக் கேட்க மிச்சமிருப்பது ஒரே கேள்விதான்: இந்தச் சக்திக்கு என்ன விலை? அந்த விலையை யார் கொடுக்கிறார்கள்?

இந்த இரண்டு இயக்குநர்களும் அந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்தார்கள். ஆனால், பதில் சொல்லும்போது எதிரெதிர் திசையில் போய்விட்டார்கள்.

வாடகை பாக்கி வைத்திருக்கும் ஹீரோ

'ஸ்பைடர்மேன் 2' தொடங்கியதும் ஹீரோ உலகத்தைக் காப்பாற்றுவதில்லை. பீட்சா டெலிவரி செய்கிறார். 29 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரமாகிவிடுகிறது, வேலையும் போய்விடுகிறது. டோபி மெகயர் நடித்த பீட்டர் பார்க்கருக்கு அதற்குப் பிறகு எதுவுமே ஒழுங்காக நடப்பதில்லை. வீட்டுக்காரர் வாடகை கேட்கிறார். கல்லூரியில் பேராசிரியர் எச்சரிக்கிறார். காதலி மேரி ஜேனின் நாடகத்துக்குத் தாமதமாகப் போய் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். பெற்ற பிள்ளைபோல வளர்த்த மே ஆன்ட்டியின் வீடு கடனில் மூழ்குகிறது. அந்த நிலையிலும் பிறந்தநாள் பரிசாக அவர் பீட்டரின் கையில் 20 டாலரைத் திணிக்கிறார். வேண்டாம் என்று பீட்டர் மறுக்க, ஆன்ட்டிக்கு வரும் கோபமும் உடனே பொங்கும் அழுகையும் எந்த ஊர் வீட்டிலும் நடக்கக்கூடியவை.

மனம் உடைந்தவனுக்குச் சக்தியும் கைவிட்டுப் போகிறது. கையிலிருந்து வலை வரவில்லை. சிவப்பு நீல உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார். சில நாள்கள் நிம்மதி. பிறகு ஒரு கட்டடம் தீப்பிடிக்கிறது. சக்தியே இல்லாத பீட்டர் உள்ளே ஓடி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வெளியே வந்து மூச்சு வாங்கும்போதுதான், நான்காவது மாடியில் ஒருவர் சிக்கி இறந்துபோன செய்தி காதில் விழுகிறது. சண்டையே இல்லாத இந்தக் காட்சிதான் படத்தின் முதுகெலும்பு. ஒதுங்கிக்கொள்வதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் அது சொல்லிவிடுகிறது.

வில்லனும் பிறவிக் கெட்டவர் இல்லை. ஆல்ஃபிரட் மொலினா நடித்த டாக்டர் ஆக்டோபஸ், மனைவியை நேசிக்கும் விஞ்ஞானி. சோதனை ஒன்று தவறிப்போய் மனைவி இறக்கிறார். முதுகில் பொருத்திய நான்கு இயந்திரக் கைகளும் அவருடைய புத்தியைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவருகின்றன.

ஜோக்கர் வந்த பிறகு...

'தி டார்க் நைட்' வேறு வீடு, வேறு வாசல். இங்கே ஹீரோ புரூஸ் வெய்ன் கோடீஸ்வரர். வாடகைப் பிரச்னை கிடையாது. கிறிஸ்டியன் பேல் நடித்த அவருக்கு ஒரே ஒரு ஆசை. நேர்மையான அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் ஊரைச் சட்டப்படி சுத்தம் செய்துவிட்டால், தான் முகமூடியைக் கழற்றிவிட்டுக் காதலி ரேச்சலோடு வாழலாம்.

அந்தக் கனவுக்குள் நுழைகிறார் ஹீத் லெட்ஜரின் ஜோக்கர். பணம் வேண்டாம், பதவி வேண்டாம். முகத்துத் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார். எது உண்மை என்று கடைசிவரை தெரியாது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் அழுத்தினால் கெட்டவர்களாகிவிடுவார்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

பாதி வெற்றி அவருக்குக் கிடைக்கவும் செய்கிறது. ரேச்சலையும் டென்ட்டையும் வேறு வேறு இடங்களில் கட்டிப்போட்டு, முகவரிகளை மாற்றிச் சொல்கிறார். ரேச்சலைக் காப்பாற்ற ஓடும் பேட்மேன், அங்கே டென்ட்டைத்தான் பார்க்கிறார். ரேச்சல் இறக்கிறார். பாதி முகம் எரிந்த டென்ட், பழிவாங்கும் கொலைகாரனாகிறார். ஒரு சூப்பர் ஹீரோ படத்தில், பாதிக்கு மேல் ஹீரோ தோற்றுக்கொண்டே இருப்பதைப் பார்க்கும் பதற்றம்தான் இந்தப் படத்தின் பெரிய பலம்.

ரயிலும் படகும்

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சர்யம் தெரியும். இரண்டின் உச்சக் காட்சியிலும் ஹீரோவுக்குச் சமமாக நிற்பவர்கள், பெயர்கூடத் தெரியாத சாதாரண மக்கள்.

'ஸ்பைடர்மேன் 2' படத்தின் ரயில் காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. பிரேக் இல்லாமல் பாயும் ரயிலின் முன்னால் நின்று, இருபக்கக் கட்டடங்களிலும் வலையை வீசி, நெஞ்சு வெடிக்க அதை நிறுத்துகிறார் பீட்டர். முகமூடி இல்லை. மயங்கிக் கீழே விழப்போகிறவரை, உள்ளேயிருந்து நீளும் கைகள் பிடித்துக்கொள்கின்றன. தலைக்கு மேலே தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். அப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். தங்கள் வீட்டுப் பையன் வயதுதான் இருக்கும்! இரண்டு சிறுவர்கள் முகமூடியை எடுத்து வந்து கொடுக்கிறார்கள். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஆக்டோபஸ் மறுபடி வரும்போது, எந்தச் சக்தியும் இல்லாத அந்தப் பயணிகள் குறுக்கே வந்து நிற்கிறார்கள். அவர் ஒரே தள்ளில் தள்ளிவிடுகிறார். ஆனாலும் நின்றார்கள் என்பதுதான் முக்கியம்.

'தி டார்க் நைட்' படத்தில் இரண்டு பயணிகள் படகுகள். ஒன்றில் பொதுமக்கள், இன்னொன்றில் சிறைக் கைதிகள். இரண்டிலும் வெடிகுண்டு. ஒவ்வொரு படகிலும், அடுத்த படகை வெடிக்க வைக்கும் ரிமோட். நள்ளிரவுக்குள் யாராவது ஒருவர் பட்டனை அழுத்தாவிட்டால் இரண்டையும் வெடிக்க வைப்பேன் என்கிறார் ஜோக்கர். பொதுமக்கள் சீட்டு எழுதி ஓட்டே போடுகிறார்கள். 'வெடிக்க வை' என்பதற்கே அதிக ஓட்டு! ஆனால், அழுத்த ஒரு கைகூட வரவில்லை. இன்னொரு படகில், பார்த்தாலே பயமுறுத்தும் ஒரு கைதி ரிமோட்டை வாங்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரில் வீசிவிட்டு அமைதியாக உட்கார்ந்துகொள்கிறார். நள்ளிரவு கடக்கிறது. ஜோக்கரின் கணக்கு தப்பிவிடுகிறது.

இரண்டுமே உடம்பு சிலிர்க்கும் காட்சிகள். இதுவரை போட்டி சமம்தான்.

பொய் தேவையா?

வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. படகு மக்கள் பரீட்சையில் பாஸான சிறிது நேரத்திலேயே டென்ட் இறந்துபோகிறார். அவர் செய்த கொலைகளைத் தன் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் பேட்மேன். போலீஸ் கமிஷனர் கார்டனும் ஒப்புக்கொள்கிறார். ஊர் டென்ட்டைத் தியாகியாகக் கொண்டாட, பேட்மேன் இருட்டுக்குள் ஓடுகிறார்.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. டென்ட்டின் குற்றம் வெளியே வந்தால், அவர் சிறைக்கு அனுப்பிய ரௌடிகள் எல்லோரும் வழக்கிலிருந்து தப்பிவிடலாம். ஊருக்காகப் பழியை ஏற்பது பெரிய தியாகம்தான். ஆனால், ஒரு கேள்வி உறுத்துகிறது. மக்கள் நல்லவர்கள் என்பதை நம்பித்தானே பேட்மேன் ஜோக்கரோடு மோதினார்? அந்த மக்களும் அதை நிரூபித்துவிட்டார்களே! பிறகு, அவர்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல ஏன் பயம்?

இந்தப் படத்தில் அன்புகூடப் பொய்யில்தான் நிற்கிறது. டென்ட்டைத்தான் திருமணம் செய்யப்போகிறேன் என்று ரேச்சல் எழுதிய கடிதத்தை, புரூஸின் மனம் தாங்காது என்று எரித்துவிடுகிறார் ஆல்ஃபிரட். ஊரில் உள்ள எல்லா மொபைல் போன்களையும் ஒட்டுக்கேட்கும் கருவியை, யாருக்கும் சொல்லாமல் பேட்மேன் உருவாக்குகிறார். இந்த ஒருமுறை மட்டும் உதவுவேன், இந்தக் கருவி இருக்கும்வரை நான் வேலையில் இருக்க மாட்டேன் என்கிறார் அதை இயக்கும் லூசியஸ் ஃபாக்ஸ். கையில் போனோடு இதைப் படிப்பவர்களுக்கு அந்தக் காட்சி 2008-ஐவிட இன்று கூடுதலாகவே உறைக்கும்.

ரெய்மியின் படம் நேர் எதிர். அங்கே எல்லா முடிச்சும் உண்மையைச் சொல்லும்போதுதான் அவிழ்கிறது. கணவர் பென் இறந்ததற்குத் தானும் ஒரு காரணம் என்று மே ஆன்ட்டியிடம் பீட்டர் ஒப்புக்கொள்கிறார். ஆன்ட்டி பிடித்திருந்த கையை விலக்கிக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விடுகிறார். உண்மைக்கும் விலை உண்டு. ஆனால், பிறகு அவரே மன்னிக்கிறார். ஒரு ஹீரோ ஏன் வேண்டும் என்று பீட்டருக்கு எடுத்துச் சொல்பவரும் அவர்தான். கிளைமாக்ஸில் பீட்டர் முகமூடியைக் கழற்றிப் பேசிய பிறகுதான் ஆக்டோபஸுக்குள் இருந்த பழைய மனிதர் விழிக்கிறார். தான் செய்த ஆபத்தான கருவியை ஆற்றில் மூழ்கடித்து, தானும் மூழ்குகிறார். வில்லனை அடித்து வீழ்த்தாமல், பேசித் திருத்திய வெற்றி அது.

சொல்லப்போனால், நோலனுக்கே இந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். 2012-ல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தில், அந்தப் பொய் வெளிவந்து ஊரையே உலுக்குகிறது.

விருதும் வசூலும்

எண்களை மட்டும் பார்த்தால் பேட்மேன் முன்னே நிற்கிறார். 'ஸ்பைடர்மேன் 2' உலகம் முழுக்க 78 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'தி டார்க் நைட்' 100 கோடி டாலரைத் தாண்டியது. முன்னதற்குச் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர். பின்னதற்கு 8 பரிந்துரைகள், 2 ஆஸ்கர். அதில் ஒன்று ஹீத் லெட்ஜருக்கு. 2008 ஜனவரியில், படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பே, 28 வயதில் அவர் இறந்துபோனார். 2009-ல் அவருடைய குடும்பத்தினர் மேடையேறி விருதை வாங்கியபோது அரங்கமே கலங்கியது. அந்த ஆண்டு 'தி டார்க் நைட்' சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பெறாதது பெரிய விவாதமானது. அடுத்த ஆண்டே அந்தப் பட்டியல் 5 படங்களிலிருந்து 10 படங்களாக உயர்ந்தது.

உழைப்பில் யாரும் குறைவில்லை. ஆக்டோபஸின் கைகள் வெறும் கம்ப்யூட்டர் வேலை அல்ல. பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் நிஜமாகவே அவற்றை இயக்கினார்கள். பேட்மேன் படத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் ராட்சத லாரியும் நிஜம். சிகாகோ தெருவில் உண்மையிலேயே புரட்டிப்போட்டார்கள். நியூயார்க்கில் ஓடுவதாகக் காட்டப்படும் ஸ்பைடர்மேன் ரயிலும் சிகாகோவில் எடுக்கப்பட்டதுதான்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே சான்றிதழ்தான். 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கவனம் தேவை. ஆனால், ஒரே தட்டில் வைக்க முடியாது. 'ஸ்பைடர்மேன் 2'-ல் ஆஸ்பத்திரியில் இயந்திரக் கைகள் விழித்துக்கொள்ளும் காட்சி சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். ரெய்மி பேய்ப் படங்களில் பெயர் எடுத்தவர் அல்லவா! அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பாட்டி முதல் பேத்தி வரை உட்கார்ந்து பார்க்கலாம். 'தி டார்க் நைட்' படத்தில் பயம் இரண்டரை மணி நேரமும் கூடவே வரும். வளர்ந்த பிள்ளைகளோடு பார்த்துவிட்டு, பேட்மேன் செய்தது சரியா என்று சாப்பிடும்போது பேசுவதற்கு ஏற்ற படம்.

தீர்ப்பு

விறுவிறுப்பு, வில்லன், பிரமாண்டம் மூன்றிலும் 'தி டார்க் நைட்' ஒரு படி மேலே. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால், இரண்டாம் பாகம் கேட்க வேண்டிய கேள்வியை வைத்து அளந்தால் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது. பேட்மேனின் சக்திக்கான விலையை ரேச்சலும் டென்ட்டும், உண்மை தெரியாத ஒரு நகரமும் சேர்ந்து கொடுக்கிறார்கள். ஸ்பைடர்மேனின் விலையைப் பெரும்பாலும் பீட்டரே கொடுக்கிறார். கொடுக்க முடியாமல் விழும்போது, ரயிலில் வந்த முன்பின் தெரியாதவர்கள் அவரைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

மக்களைக் காப்பாற்றும் ஹீரோக்கள் நிறைய உண்டு. மக்களை நம்பும் ஹீரோ அபூர்வம். அந்த ஒரு காரணத்துக்காக, மயிரிழை வித்தியாசத்தில் வெற்றி 'ஸ்பைடர்மேன் 2'-க்கே!

சரி, உங்கள் வீட்டில் யார் ஓட்டு யாருக்கு?