அந்தி ஒளியின் நிறமும் உறக்கமும்

பிரிஞ்சாங் மலைச்சரிவில் தேயிலைத் தோட்டங்கள் இருளில் மூழ்கியபின், அடுத்துள்ள நெகிழிக் கூடாரங்களில் வரிசை வரிசையாக விளக்குகள் எரியக் காணலாம். அவை செவ்வந்திப்பூத் தோட்டங்கள். செவ்வந்தி, இரவு நீண்டால் மொட்டுவிடும் இயல்பினது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள கேமரன் மலையில் ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். அப்படியே விட்டால் தண்டு உயருமுன் செடி பூத்துவிடும். ஆதலின் இளஞ்செடிகளுக்கு இரவில் ஒளியூட்டிப் பூப்பைத் தள்ளிப்போடுகின்றனர்.

மனிதருக்கும் ஒளியே இரவை அறிவிக்கிறது, நிறந்தான் வேறு. செடியின் நிறமி செவ்வொளியை மிகுதியும் உணரும். நம் விழித்திரையிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமியோ, 480 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய நீல ஒளியை மிகுதியும் உணரும். இந்நிறமியைக் கொண்ட நரம்பணுக்கள் தாமே ஒளியை உணர்வதை டேவிட் பெர்சன் குழுவினர் 2002இல் எலியின் கண்ணில் காட்டினர். இவை மூளையின் உயிர்க்கடிகாரத்துக்குப் 'பகல் நீடிக்கிறது' என அறிவிக்கின்றன. மெலடோனின் சுரப்பு குறைகிறது, உறக்கம் பிந்துகிறது.

மொழிநூலாராகிய நமக்கு இங்கு ஒரு சுவையான செய்தி உண்டு. செம்மை, அந்தி என்னும் இரு சொற்கள் கூடிய 'செவ்வந்தி' செக்கர் வானைக் குறிக்கும். பூவின் பெயரோ வடமொழிச் 'சேவந்தி'யோடு உறவுடையது. ஒலியொப்புமை கண்டு இரண்டையும் ஒரே வேரில் கட்டுதல் பொருந்தாது. கதிரவன் சாயுங்கால் ஒளி காற்றில் நெடுந்தொலைவு கடக்கிறது. நீலம் சிதறச் செம்மை எஞ்சுகிறது. கதிர் மறைந்தபின் வானம் மீண்டும் நீலம் பூண்பதுண்டு. ஆயினும் அப்போது ஒளியின் அளவு வெகுவாகக் குன்றிவிடும். நிறத்தை மட்டும் பேசி அளவை மறப்போர் இதனைக் கருத வேண்டும்: கண்ணருகே கூசும் மஞ்சள் விளக்கும் உறக்கத்துக்குத் துணையன்று.

கடைவிளக்கின் உறையிலும் சொல் நம்மை மயக்குகிறது. 'குளிர்' ஒளி எனப்படுவது 6500 கெல்வின், நீலம் மிக்கது. 'வெப்ப' ஒளி எனப்படுவது 2700 கெல்வின், மஞ்சள் சார்ந்தது. எண் உயர உயர ஒளி 'குளிர்ச்சி' பெறுகிறது! குளிர் என்றால் இதமானது எனக் கொண்டு, மாணவர் படிக்கும் அறைக்கு முதல்வகையைத் தேர்வோர் பலர். பகல் வகுப்பறைக்கு அது தகும். இரவு பத்து மணிக்குத் தகாது.

குறிஞ்சிக்கு யாமத்தைச் சிறுபொழுதாக வகுத்தது தொல்காப்பியம். இம்மலைக் குறிஞ்சியின் யாமத்திலோ பூக்கூடாரங்கள் விழித்திருக்கின்றன. அவற்றை அணைக்கச் சொல்ல இயலாது. அவை பலரின் பிழைப்பு. அருகில் குடியிருப்போர் படுக்கையறைச் சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை இடலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர், கூரைவிளக்கை அணைத்துவிட்டு, நூலின்மேல் மட்டும் விழும் மஞ்சள் மேசைவிளக்கைப் பயன்படுத்தலாம். கைப்பேசித் திரையை மஞ்சளாக்குவதோடு அதன் ஒளியளவையும் குறைக்க வேண்டும். காலையில் பனிமூட்டமாயினும் பள்ளிக்கு நடந்தே செல்வது நன்று: மூடிய வானின் ஒளியும் வீட்டு விளக்கினும் பன்மடங்கு மிகுதி, அக்காலை ஒளி உயிர்க்கடிகாரத்தை முன்னே நகர்த்தும்.