கை தானாக ஆடும்போது முதலில் யாரிடம் போவது?

பெரியவர்களுக்குக் கை நடுங்கினால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறோம். வாய் ஓயாமல் மென்றுகொண்டே இருந்தால் ‘பழக்கம்’ என்கிறோம். வயதுப் பெண்ணுக்குக் கழுத்து திடீரெனத் திருகிக் கண் மேலே செருகினால் ‘காற்று கருப்பு’ என்று எலுமிச்சம்பழம் தேடுகிறோம். மூன்றுமே உடம்பு நம் விருப்பத்தைக் கேட்காமல் அசைகிற நிலைகள். மூன்றுக்கும் மருத்துவக் காரணம் இருக்கிறது. பல நேரங்களில் அந்தக் காரணத்தை நீக்கவும் முடியும்.

தைப்பிங், கமுந்திங், சிம்பாங், பகான் செராய் வட்டாரத்தில் தோட்டங்களை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் காய்ச்சலோ வெட்டுக்காயமோ எதுவானாலும் முதலில் ஓடியது தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம்தான். இன்று அந்த இடத்தில் இருப்பது அரசாங்க சுகாதாரக் கிளினிக். நரம்பியல் நிபுணரைப் பார்க்க, தைப்பிங்கிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம். ஆனால் நம் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், குடும்ப வரலாறு எல்லாம் தெரிந்தவர் பக்கத்துக் கிளினிக் டாக்டர். இந்த அசைவுகளுக்கான பாதி விடை அந்த விவரங்களில்தான் கிடைக்கிறது.

எல்லா நடுக்கமும் ஒன்றல்ல

டாக்டர் முதலில் கேட்பது, கை எப்போது ஆடுகிறது என்பதே. மடியில் சும்மா வைத்திருக்கும்போது ஒரு பக்கக் கை மட்டும் ஆடி, ஏதாவது எடுக்கப் போனால் குறைகிறதா? நடை தளர்ந்து, கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கி, மோப்பமும் மங்கியிருக்கிறதா? அப்படியானால் 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த நோயாக இருக்கலாம்.

தேநீர்க் குவளையைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கைகளும் ஆடுகின்றனவா? அப்பாவுக்கோ அக்காவுக்கோ இதே நடுக்கம் இருந்ததா? அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் நடுக்கம், பார்க்கின்சன் அல்ல. இதற்கு புரோப்ரனோலால் என்ற பழைய மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. நோயாளிக்கு இழுப்பு உண்டா என்பது கிளினிக் டாக்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொல்வது, நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்வது, விரல்களை வேகமாகத் தட்டச் சொல்வது போன்ற எளிய சோதனைகளிலேயே பாதி தெரிந்துவிடும். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை.

மருந்துப் பையைக் கொண்டு போங்கள்

அடுத்து டாக்டர் பார்க்க வேண்டியது மருந்துப் பை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளுனாரிசின் ஆகியவை மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கக்கூடியவை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் போலவே விறைப்பும் நடுக்கமும் வரலாம். வாய், நாக்கு தானாக அசையவும் தொடங்கலாம். அதனால்தான் மெட்டோகுளோபிரமைடை 12 வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009ல் கடுமையாக எச்சரித்தது. ஐரோப்பிய அமைப்பு 2013ல் அதை 5 நாட்களுக்குள் நிறுத்தச் சொன்னது. ‘தலைசுத்துது’ என்று ஒரு தடவை வாங்கிய மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடரும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஒரு மாத்திரையை டாக்டர் நிறுத்திய சில மாதங்களில் நடுக்கம் அடங்கிப்போவதும் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன கழுத்துத் திருகலுக்கும் இதே மருந்துகள் காரணமாக இருக்கலாம். வாந்தி மருந்து கொடுத்த ஓரிரு நாளில் இளைஞர்களுக்கு இப்படி வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த பக்கவிளைவு. தகுந்த ஊசி போட்டால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். மந்திரிக்கப் போய் அந்தப் பிள்ளையை மணிக்கணக்கில் தவிக்க விடாதீர்கள்.

இழுப்புக்குத் தரும் சல்பியூட்டமால், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோவேட் ஆகியவையும் கையை நடுங்க வைக்கும். மனநல சிகிச்சையில் தரப்படும் லித்தியம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. லித்தியம் எடுப்பவருக்குச் சில ரத்த அழுத்த மாத்திரைகளோ மூட்டுவலி மாத்திரைகளோ சேர்ந்தால் உடம்பில் அதன் அளவு ஏறி நடுக்கம் பலமாகும். கடைசியில் அது நஞ்சாகவே மாறலாம். ஒருவரின் எல்லா மருந்துகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் டாக்டரால்தான் இந்த மோதலைக் கண்டுபிடிக்க முடியும். லேபிள் இல்லாத பொட்டலங்களையும் ஜாமுவையும் நாட்டு மருந்தையும் ஒளிக்காமல் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால் நோயின் காரணமும் மறைந்துபோகும்.

ரத்தம் சொல்லும் காரணங்கள்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடம் அது மற்ற இனங்களைவிட அதிகம். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். உடனே இனிப்பு கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: சர்க்கரை மிக அதிகமாக ஏறிக் கிடந்தாலும், குறிப்பாக வயதான பெண்களுக்கு, உடம்பின் ஒரு பக்கக் கையும் காலும் தாமாகத் துள்ளி ஆடத் தொடங்கலாம். இது ஆசியர்களிடம் அதிகம் பதிவாகியுள்ளது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலோருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும்.

தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் விரல்கள் மெல்ல நடுங்கும், எடை குறையும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாகலாம். இவற்றையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் அறியலாம். நாற்பது வயதுக்குள் இருப்பவருக்குக் காரணம் தெரியாத அசைவு வந்தால், உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோயையும் டாக்டர் மனதில் வைப்பார். அதற்கு மருந்து உண்டு. காலம் தாழ்த்தினால் கல்லீரலும் மூளையும் கெட்டுவிடும்.

குடிப்பழக்கத்தையும் பேசியாக வேண்டும். தினமும் சம்சு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை உதறும், அதைத் தொடர்ந்து வலிப்பும் வரலாம். குடியை விடுவது நல்ல முடிவு. அதை டாக்டரின் துணையோடு விடுவதுதான் பாதுகாப்பு.

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து நம் கிளினிக் வரை

1911ல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. ஒரு காலத்தில் மனநோய் என்றாலே அங்கே அனுப்பிவிடுவதுதான் வழி. 1998ல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. இன்று நிலை சீரான நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரையும் ஊசியும் பெற முடிகிறது. இது பெரிய முன்னேற்றம். கூடவே ஒரு பொறுப்பும் கிளினிக்கின் தோளில் ஏறியிருக்கிறது.

மனச்சிதைவுக்கான மருந்துகளை, குறிப்பாகப் பழைய வகை மருந்துகளை, நெடுநாள் எடுப்பவர்களுக்கு வாய் மெல்லுவது, உதடு குவிவது, நாக்கு வெளியே வந்து போவது, விரல்கள் அசைவது போன்றவை மெல்ல மெல்லத் தோன்றலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இதை அளக்க 1976ல் வெளியான 12 அம்சங்கள் கொண்ட ஒரு சோதனை முறை உண்டு. சுமார் பத்து நிமிடம் போதும். டாக்டர் உட்கார வைத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நடக்க வைப்பார், பொய்ப்பல் பொருந்தாததால் வாய் அசைகிறதா என்றும் கேட்பார். ஊசி போட வரும் நாட்களில் அவ்வப்போது இதைச் செய்தால் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

பிடித்த பிறகு மனநல மருத்துவரோடு பேசி அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று முடிவெடுப்பார்கள். விறைப்புக்குச் சேர்த்துக் கொடுக்கும் பென்செக்சால் இந்த வாய் அசைவைக் கூட்டக்கூடும் என்பதால் அதையும் சீர்தூக்கிப் பார்ப்பார்கள். வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற மருந்துகளை அமெரிக்கா 2017ல் இதற்கென்றே அங்கீகரித்தது. நோயாளி தானாக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அசைவும் கூடலாம், மனநோயும் திரும்பலாம்.

பார்க்கின்சன் என்று உறுதியான பின்

நிபுணர் ஆண்டில் சில முறைதான் பார்ப்பார். மற்ற நாட்களில் கிளினிக்தான் துணை. லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு எடுப்பது நல்லது. இறைச்சி, மீன், பருப்பு போன்ற புரத உணவோடு எடுத்தால் அதன் பலன் குறையலாம். மலச்சிக்கல், மனச்சோர்வு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழுவது ஆகிய மூன்றும் நடுக்கத்தைவிட அதிகம் வாட்டலாம். அவற்றைக் கவனிப்பது கிளினிக் டாக்டரின் வேலை. மெட்டோகுளோபிரமைடு பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவம் அறிந்த பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937ல் சென்னை ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் பொடியில் மருந்தின் அளவு நிலையாக இருக்காது. மாத்திரையோடு அதையும் சேர்த்துக்கொண்டால் மருந்து மிகையாகி, உடம்பு நெளிந்து ஆடும். டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

நடையும் உடற்பயிற்சியும் மருந்துக்கு நல்ல துணை. தைப்பிங் ஏரிப் பூங்காவின் நிழல் பாதை நமக்குக் கிடைத்த வரம். அன்றாட வேலையே முடியாத நிலை வந்தால், சமூக நலத்துறையில் உடற்குறையாளர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குரிய மருத்துவச் சான்றைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

உடனே 999 அழைக்க வேண்டியவை

திடீரென ஒரு பக்கம் ஆடுவது, முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, சுயநினைவு தவறுவது. மனநல மருந்து எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலோடு உடல் விறைத்துக் குழப்பம் வருவது. இவற்றுக்கு அப்பாயின்மென்ட் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கிளினிக்குக்குப் போகும் முன்

அசைவு டாக்டர் முன்னால் வராமல் போகலாம். வீட்டில் வரும்போது கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வையுங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் எந்தப் புது மருந்து சேர்ந்தது, தூக்கத்தில் நிற்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். முழு மருந்துப் பையோடு, வீட்டில் கூட இருப்பவரையும் அழைத்துப் போங்கள்.

கை ஆடுகிறது என்ற வெட்கத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காராத, கோயிலில் தீபத்தட்டு ஏந்தாத, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்ட பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு மாத்திரையை நிறுத்தினாலோ, சர்க்கரையைச் சரிசெய்தாலோ, சரியான மருந்தைத் தொடங்கினாலோ வாழ்க்கை மாறும். அதற்கான முதல் பார்வைக்கு அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் அதிகபட்சம் ஒரு வெள்ளிதான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.