நாட்பட்ட குருதிப் புற்றுநோயும் இடைவழி இடர்களும்

நெடுநாள் மருந்துண்டு வாழவேண்டிய நோயாளருக்கு இருவகைத் துன்பங்கள் உண்டு. நோய் தரும் துன்பம் ஒன்று. உடல் தேறிவருகிறது என்று நம்பியிருக்கும் வேளையில் எதிர்பாராது நேரும் பின்னடைவு மற்றொன்று. மனத்தை உடைப்பதும், மருந்தைக் கைவிடத் தூண்டுவதும் பெரும்பாலும் இரண்டாவதே. நாட்பட்ட குருதிப் புற்றுநோயில் அத்தகைய பின்னடைவுகள் எவை, அவை ஏன் வருகின்றன, அவற்றை எவ்வாறு எதிர்கொள்வது என்பன யாவரும் அறியத்தக்கன.

இந்நோய் பல வகைப்படும். அவற்றுள் மைலோயிட் எனப்படும் வகையில், என்பு மச்சையில் பிறக்கும் வெண்குழியங்கள் அளவிறந்து பெருகுகின்றன. மண்ணீரல் வீங்குகிறது, உடல் மெலிகிறது, களைப்பு மேலிடுகிறது. 1960 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போட் என்னும் இருவர், இந்நோயாளரின் கலங்களில் இயல்புக்கு மாறாகக் குறுகிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டனர். 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அது விளைகிறது என்பதை 1973 இல் ஜனெற் றோலி அம்மையார் விளக்கினார். இம்மாற்றம் ஒருவரின் வாழ்நாளில் தோன்றுவது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதன்று. தொட்டாலோ உடனுண்டாலோ தொற்றுவதுமன்று.

இம்மாற்றத்தால் உண்டாகும் புரதம், பெருகுமாறு கலங்களை ஓயாது ஏவுகிறது. அதன் செயலைத் தடுக்கும் இமற்றினிப் என்னும் மருந்து 2001 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன்னர் சில ஆண்டுகளே வாழ்வர் எனக் கருதப்பட்ட நோயாளருள் பலர், அதன்பின் ஏனையோரைப் போன்றே நீண்டகாலம் வாழ்கின்றனர். குளத்துக் கதவை மூடிப் பிடித்திருக்கும் கையை இம்மருந்துக்கு ஒப்பிடலாம். கை பிடித்திருக்கும்வரை நீர் நிற்கும். கை எடுபட்டால் மீண்டும் பாயும். நாள்தோறும் குளிசை விழுங்கவேண்டியதன் காரணம் இதுவே.

இனிப் பின்னடைவுகளை நோக்குவோம். மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் வெண்குழியங்களும் குருதிச் சிறுதட்டுகளும் மிகக் குறைந்துபோதல் உண்டு. மச்சையை நிறைத்திருந்த நோய்க் கலங்கள் அழிய, நல்ல கலங்கள் மீண்டும் தழைக்கக் காலம் செல்வதே இதற்குக் காரணம். அப்போது வைத்தியர் மருந்தைச் சில நாட்கள் நிறுத்தி, குருதி தேறியபின் மீண்டும் தொடங்குவார். இது சிகிச்சை தோற்றதற்கு அடையாளமன்று.

கண்ணிமை வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல், தோற்தடிப்பு என்பனவும் வருவதுண்டு. உணவுடனும் ஒரு பெரிய குவளை நீருடனும் குளிசையை உட்கொண்டால் குமட்டல் குறையும். ஏனையவற்றுக்கும் மாற்று உண்டு. ஆனால் அவற்றை வைத்தியரிடம் சொன்னாலன்றி அவர் அறியார். நாட்டு மருந்து உண்பவரும், கருவுற்ற அல்லது கருவுற விரும்பும் பெண்களும் அதனை மறையாது கூறுதல் வேண்டும்.

வன்னியில் மாரிகாலக் காய்ச்சல் தனிக் கவனத்துக்குரியது. டெங்குக் காய்ச்சலும் குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கும் இயல்புடையது. எனவே இந்நோயாளருக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டில் நாள் கடத்தாது அன்றே அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றிடத்தும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள. கிளினிக் கொப்பியையும் குளிசையையும் காட்டி, தாம் உண்ணும் மருந்தைத் தெரிவித்தல் இன்றியமையாதது. அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலிநீக்கிகளைத் தாமாகக் கடையில் வாங்கி விழுங்குதல் குருதிப்பெருக்குக்கு இடமளிக்கும்.

எல்லாவற்றிலும் அஞ்சப்படுவது, அடங்கியிருந்த நோய் குருதிப் பரிசோதனையில் மீண்டும் தலைகாட்டுதலாகும். அவ்வேளை வைத்தியர் முதலிற் கேட்பது, குளிசை தவறியதா என்பதே. இலண்டனில் நிகழ்ந்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, விதித்த மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் உட்கொண்டோரிடம் நோய் ஆழ அடங்கியதையும், அதற்குக் குறைந்தோரிற் பெரும்பாலோரிடம் அவ்வாறு அடங்காமையையும் காட்டியது. மாதத்தில் 3 நாள் தவறினாலே பத்திலொரு பங்கு போய்விடுகிறது! தவறாது உண்டும் நோய் எழுந்தால், புரதத்தின் வடிவம் மாறியுள்ளதா எனச் சோதித்து, நிலோற்றினிப், டசாற்றினிப் முதலிய வேறு மருந்துகளுக்கு மாறலாம். முதல் மருந்து பயன்படாவிடின் வழி அடைபட்டது என்பது இன்று உண்மையன்று.

குளிசை தவறுவதற்கு மறதி ஒன்றே காரணமன்று. வடக்கில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் தெல்லிப்பழையில் உள்ளது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த நடைபவனியில் திரண்ட நிதி அங்கே கட்டிடம் எழ உதவியது. ஆயினும் புதுக்குடியிருப்பிலிருந்து செல்பவர் பரந்தன் வந்து, ஆனையிறவு கடந்து, யாழ்ப்பாணத்துக்கும் அப்பாற் செல்லவேண்டும். அரச வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் கட்டணமும் ஒருநாட் கூலியும் போகும். காலபோக அறுவடை நாளில் கிளினிக் வந்துவிட்டால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று எண்ணுதல் இயல்பு. உடல் நலமாகத் தோன்றுவதும் அவ்வெண்ணத்துக்குத் துணைசெய்கிறது.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. அத்தகைய காலங்களில் குளிசையைப் பாதியாக்கி நாட்களை நீட்டுதல் ஆபத்தாகும். கையிருப்பு முடிய இரு வாரங்களுக்கு முன்னரே கிளினிக்குக்கு அறிவிப்பதே தக்கது. ஒருநாட் குளிசை தவறினால், மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கலாகாது.

நோய் பல ஆண்டுகள் ஆழ அடங்கிய சிலருக்கு வைத்தியரே மருந்தை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அடிக்கடி குருதியைச் சோதித்தே அவர் அதனைச் செய்கிறார். வைத்தியர் அறிய நிறுத்துவது சிகிச்சையின் ஒரு பகுதி. அவர் அறியாது நிறுத்துவது நோய்க்குக் கதவு திறப்பது. வீட்டிலுள்ளோர் நாள்தோறும் குளிசை வேளையை நினைவூட்டுவதும், கிளினிக் நாளில் உடன் செல்வதும், காய்ச்சல் வந்தால் அதனை மறைக்க விடாதிருப்பதும் நோயாளருக்குச் செய்யும் பேருதவிகளாகும்.