படகு வாங்கலையோ, படகு!

படகு வாங்குவது என்றால் நம் ஊரில் அது மீன் பிடிப்பவர் சமாசாரம். அல்லது பரிசல்காரர் சமாசாரம். அமெரிக்காவிலோ அது குடும்ப சமாசாரம்! ஏரிகள் மண்டிக் கிடக்கும் மிச்சிகன், மின்னஸோட்டா மாகாணங்களிலும், கடலை அணைத்துக் கொண்டிருக்கும் ப்ளோரிடாவிலும் பள்ளிக்கூட வாத்தியார், பல் டாக்டர், குழாய் ரிப்பேர் செய்பவர் என்று சகலரும் படகு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த டிரெயிலரில், போர்வை போர்த்திக் கொண்டு அது உட்கார்ந்திருக்கும். உங்கள் பிள்ளையோ, பெண்ணும் மாப்பிள்ளையுமோ அந்தப் பக்கம் குடியிருந்தால், ஒருநாள் டெலிபோனில், "அம்மா! பழைய படகு ஒன்று மலிவாக வருகிறது" என்ற செய்தி வரக்கூடும். அதுவும் தொழில் படுத்து, ஆட்குறைப்பு நடக்கிற காலமாயிருந்தால் கட்டாயம் வரும். அப்போதுதான் அங்கே படகுகள் கொள்ளை மலிவு.

"மலிவுதானே, வாங்கிக் கொள்ளட்டுமே!" என்று உடனே ஆசீர்வாதம் பண்ணி விடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2008-ம் வருஷத்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய சில வருஷங்கள் அமெரிக்காவில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போன காலம். வீட்டின் பேரில் கடன் வாங்கிப் படகு வாங்கினார்கள் பலர். படுக்கை, சமையல் அடுப்பு, கழிவறை மூன்றும் படகில் இருந்தால் அதை இரண்டாவது வீடு என்று காட்டி, கடன் வட்டிக்கு வருமான வரியில் சலுகை பெறவும் அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கேட்க வேண்டுமா? பிறகு வீட்டு விலை சரிந்தது. 2008 கோடையில் ஒரு காலன் பெட்ரோல் 4 டாலரைத் தாண்டியது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் பாங்கி திவாலாயிற்று. வேலை போகிறதே என்று கலங்கிய குடும்பம் முதலில் எதை விற்கும்? காரை விற்றால் பிழைப்புக்கு வழியில்லை. வீட்டை விற்றால் தெருவில் நிற்க வேண்டும். படகைத்தான் விற்கும்.

எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வந்தார்கள்; வாங்கத்தான் ஆளில்லை. அடுத்த இரண்டொரு வருஷத்தில் புதுப் படகு விற்பனை, நல்ல காலத்தில் இருந்ததில் பாதிக்கு வந்துவிட்டது. ஏகப்பட்ட படகுக் கம்பெனிகளைத் தன் கையில் வைத்திருந்த ஜென்மார் நிறுவனம் 2009 ஜூனில் திவால் கோர்ட்டுக்குப் போயிற்று. கரையோர ஊர்களில் இன்னொரு விபரீதமும் நடந்தது. சிலர் ராத்திரியில் படகை உப்பங்கழியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதன் பதிவெண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்!

ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய சாமானை ஏன் அனாதையாக விட வேண்டும்? பழைய படகின் மறுவிலையைப் பற்றிய ரகசியமே இதில்தான் இருக்கிறது.

நம் வீட்டுப் பித்தளைத் தவலை ஓட்டையானாலும் பாத்திரக் கடைக்காரர் எடை போட்டு ஏதோ கொடுப்பார். கிழிந்த பட்டுப்புடவைக்கும் ஜரிகை விலை உண்டு. இந்தப் படகுகளோ பைபர் கிளாஸ் என்னும் கண்ணாடி நாரில் பிசின் தடவி வார்த்தவை. (நம் கடற்கரையில் 'பைபர் படகு' என்கிறார்களே, அதே சரக்குதான்.) அது எளிதில் மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பழைய சாமான்காரர் அதற்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க மாட்டார். உடைத்து அப்புறப்படுத்த நாம்தான் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆகவே படகின் விலை குறைந்துகொண்டே வந்து, பூஜ்யத்தில் நிற்காமல் அதற்குக் கீழேயும் போகும். வைத்திருந்தால் மாதா மாதம் செலவு, ஒழிக்கவும் செலவு என்றால் மனிதர் என்ன செய்வார்?

மாதச் செலவு என்றேன் அல்லவா? மரீனா என்றதும் உங்களுக்குச் சுண்டலும் கடற்காற்றும் நினைவு வரும். அங்கே மரீனா என்றால் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை. வாடகையைப் பெரும்பாலும் படகின் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து வாங்குகிறார்கள். நீங்கள் படகை 1,00,000 டாலருக்கு வாங்கினீர்களா, மந்த காலத்தில் 30,000 டாலருக்குத் தட்டிக்கொண்டு வந்தீர்களா என்று துறைக்காரர் கேட்கப் போவதில்லை. முப்பது அடி என்றால் முப்பது அடிக்குப் பணம். எஞ்சின் உதிரி பாகம் விற்பவரும் அப்படியே. மலிவாக வந்தது படகு மாத்திரம். அதன் சாப்பாட்டுச் செலவு பழைய அந்தஸ்திலேயே இருக்கிறது. வருஷத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு செலவுக்கு ஒதுக்கு என்று அங்கே வாய்க்கணக்கு ஒன்று சொல்வார்கள். அதைப் புதுப் படகின் விலையில் போட்டுப் பார்ப்பதே உத்தமம். படகு என்பதற்கான நான்கு ஆங்கில எழுத்துக்கும் 'இன்னும் ஓர் ஆயிரம் எடு' என்று அமெரிக்கர்களே வியாக்கியானம் செய்து சிரிக்கிறார்கள்!

இனி, மறுவிலைக் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒருவர் 1,00,000 டாலர் புதுப் படகுக்கு 20,000 கையிலிருந்து போட்டு, மீதி 80,000-ஐ நூற்றுக்கு 7 வட்டியில் 20 வருஷக் கடனாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சுமார் 620 டாலர் தவணை. மூன்று வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டினால் 22,000 டாலருக்கு மேல் ஆகிவிடும். ஆனால் கடன் எவ்வளவு குறைந்திருக்கும் தெரியுமா? ஆறாயிரம் சொச்சம்! மற்றதெல்லாம் வட்டி. பாக்கி 74,000. இந்தச் சமயத்தில் மந்தம் வந்து, படகை 50,000-க்குத்தான் கேட்கிறார்கள் என்றால், விற்பதற்கே அவர் கையிலிருந்து 24,000 எடுத்து வைக்க வேண்டும். கடன் இப்படிப் பொருளின் விலையை மிஞ்சிவிட்டால் 'நீரில் மூழ்கியது' என்பது அவர்கள் பேச்சு. படகு மிதக்கிறது, கடன் மூழ்கிவிட்டது; வேடிக்கைதான்!

அதனால்தான் மந்த காலத்தில் விற்க ஆசைப்படும் எல்லாராலும் விற்க முடிவதில்லை. உண்மையில் மலிவாகக் கொடுப்பவர்கள் இரண்டு வகை. கடனில்லாத சொந்தக்காரர் ஒருவர். தவணை தவறியவரிடமிருந்து பறிமுதல் செய்த பாங்கி மற்றொருவர். என் அபிப்பிராயத்தில் முதலாமவரிடமே போக வேண்டும். படகைப் பறிகொடுக்கப் போகிறவர் அதற்கு எண்ணெய் மாற்றிக்கொண்டா இருந்திருப்பார்? குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலுள்ள தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால், அது பனிக்கட்டியாகி விரிந்து, இரும்பையே பிளந்திருக்கும். பாங்கியோ உள்ளது உள்ளபடிதான் விற்கும். பிறகு போய்க் கேட்க முடியாது.

புதுப் படகின் விலை முதல் சில வருஷங்களில் மளமளவென்று இறங்கும். அப்புறம் இறக்கம் நிதானப்படும். ஆகையால் பத்துப் பன்னிரண்டு வயசான, நன்றாகப் பேணிய படகை வாங்குகிறவருக்கு அந்த முதல் நஷ்டம் இல்லை. அதை முன்னவர் சுமந்துவிட்டார், பாவம்! எல்லாப் படகும் ஒரே மாதிரி இறங்குவதும் இல்லை. இரட்டைப் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பெரிய உல்லாசப் படகைக் கஷ்ட காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளியே மாட்டும் ஒற்றை எஞ்சினுடன், டிரெயிலரில் வீட்டுக்கே கொண்டுவரக்கூடிய சின்ன மீன்பிடி படகுக்கு எப்போதும் ஆள் உண்டு. பாஸ்டன் வேலர் என்று ஒரு பெயர். 1958-ல் வந்தது. 1961-ல் அதன் கர்த்தா படகில் உட்கார்ந்தபடியே அதை இரண்டாக ரம்பத்தால் அறுக்கச் செய்து, மூழ்காத பாதியில் மிதந்து காட்டினார். 'லைஃப்' பத்திரிகையில் படம் வெளிவந்தது. அந்தப் பெயருக்கு இன்றும் பழைய படகுச் சந்தையில் மவுசு இருக்கிறது.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோமே, படகுக்கும் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் படகு வில்லங்கம் இன்னும் பொல்லாதது. ரிப்பேர் கூலி, துறை வாடகை பாக்கியிருந்தால், அமெரிக்கக் கடல் சட்டப்படி அந்தக் கடன் படகோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் அறியாமல் வாங்கியவர் கையிலிருந்தும் படகைக் கைப்பற்றலாம். வழக்கில் பிரதிவாதியே படகுதான்! ஓரளவு பெரிய படகுகளைக் கடலோரக் காவல் படையில் பதிவு செய்திருப்பார்கள். அந்தப் பதிவு அலுவலகம் இருப்பது கடலே இல்லாத மேற்கு வர்ஜீனியாவில். அங்கே எழுதிக் கேட்டால் உரிமை விவரச் சுருக்கம் அனுப்புவார்கள். பதிவாகாத பாக்கிகளும் உண்டு. ஆதலால் படகு கட்டியிருந்த துறையிலும், ரிப்பேர் செய்த பட்டறையிலும் நேரில் விசாரிப்பது அவசியம். 1972 நவம்பருக்குப் பின் கட்டிய படகானால் பின்பக்கத்தில் வலப்புறம் 12 எழுத்து-எண்கள் பொறித்திருக்கும். 1984-க்குப் பிறகு அதே எண்ணை இன்னொரு மறைவிடத்திலும் பொறிக்கிறார்கள். பத்திரத்திலுள்ளதும் இதுவும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தாற்போல் ஸர்வேயர். மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டி 'ணங்' என்கிறதா என்று கேட்கிறீர்களே, அந்த வித்தையைத்தான் அவர் செய்கிறார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லி, சின்னச் சுத்தியால் அடிவயிறு முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் சரி. மந்தமாக 'பொத்' என்றால், உள்ளே வைத்த மரம் தண்ணீர் குடித்து உளுத்திருக்கலாம். பைபர் கிளாஸ் மக்காது. அதற்குள் பொதிந்த மரம் மக்கும்! இவருக்கும் கூலி பெரும்பாலும் அடிக்கணக்கில்தான். ஆனாலும் விற்பவர் சிபாரிசு செய்யும் ஸர்வேயர் வேண்டாம். நீங்களே தேடிப் பிடியுங்கள். அவர் எழுதும் ரிப்போர்ட்டை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் கேட்கும். பின்னால் விற்கும்போதும், எண்ணெய் மாற்றிய ரசீதுகளோடு சேர்த்து வைத்திருந்தால், பேரத்துக்கு அதைப்போல் துணை கிடையாது.

2020-ல் தொற்றுநோய் வந்து எல்லாரும் வீட்டோடு அடைபட்டபோது சக்கரம் மறுபடி சுழன்றது. அவ்வருஷம் அமெரிக்காவில் 3 லட்சத்துக்கு மேல் புது மோட்டார் படகுகள் விற்றன. பழசுக்கும் ஏகக் கிராக்கி. 2022-லிருந்து வட்டி ஏறிற்று. உச்ச விலையில் கடன் போட்டு வாங்கியவர்கள் மறுபடி காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்க்கலானார்கள்.

டெலிபோன் செய்த பிள்ளைக்கு என்ன சொல்லலாம்? மூன்று மாதச் சம்பளம் வராவிட்டாலும் துறை வாடகை கட்ட முடியுமா என்று கேளுங்கள். மருமகள் என்ன சொல்கிறாள் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால், குளிர் மாகாணமாயிருக்கும் பட்சத்தில் அக்டோபர் வரை பொறுக்கச் சொல்லுங்கள். குளிர்காலம் முழுக்கப் படகைக் கொட்டகையில் வைக்கும் வாடகைக்குப் பயந்து, விற்பவர் அப்போது இறங்கி வருவார். ஓட்டிப் பார்க்கப் போகிற அன்று, ஏறியவுடனே எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் கிளப்பச் சொல்லலாம். இவர்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுக்கிறதோ என்னவோ! "இன்னொரு நாள் வருகிறோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் நிற்கச் சொல்லுங்கள்.