டயர் சொல்லும் சேதி

தோட்டத்து வீடுகளின் வாசலில் இன்று மோட்டார் சைக்கிளோடு பழைய கார் ஒன்றும் நிற்பதைக் காண்கிறோம். பிள்ளைகளோடு கிள்ளானுக்கும், தைப்பூசத்தன்று பத்துமலைக்கும் அதில்தான் போகிறோம். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. அந்த இடம் சீராகத் தேயாவிட்டால் என்ன ஆகும்?

எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் கடும் மழை. பிரேக்கை மிதித்ததும் கார் வழுக்கி, சாலையோரத் தடுப்பில் உரசி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் முன்டயர்கள் நன்றாகவே இருந்தன. கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ஓரம் வழுவழுவென்று தேய்ந்து, கம்பி தெரிவது புலப்பட்டது.

ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு நம் நடையைக் காட்டிக்கொடுக்கும் அல்லவா? டயரும் அப்படித்தான். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் மாறிவிட்டது என்று பொருள். தோட்டத்துக் கற்சாலையில் ஒரு பெரிய குழியே அதற்குப் போதும். அத்தகைய சக்கரம் உருள்வதோடு, பக்கவாட்டில் தரையை உரசிக்கொண்டும் போகும்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்றுக் குறைவு. அத்தகைய டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால், காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால், அப்சார்பர் பழுதாகியிருக்கலாம், அல்லது சக்கரம் பேலன்ஸ் தவறியிருக்கலாம்.

மாதம் ஒரு முறை இவ்வாறு செய்வோம். எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, முன்டயரின் உள்ஓரத்தைப் பார்ப்போம். பிறகு மறுபக்கம் திருப்பிப் பார்ப்போம். கம்பி தெரியாத டயரில், உள்ளங்கையால் குறுக்கே மெல்லத் தடவுவோம். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் உறுத்தினால், அலைன்மெண்ட் கெட்டிருக்கிறது. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. அவை 1.6 மில்லிமீட்டர் அளவைக் காட்டும் அடையாளம். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால், அதை மாற்றியே ஆக வேண்டும். காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காரணத்தைத் தீர்க்காமல் புது டயர் போட்டால், அதுவும் அதே இடத்தில் தேயும். வெள்ளியும் வீண், ஆபத்தும் அப்படியே இருக்கும். ஆகவே, பட்டறைக்குப் போனால் முதலில் தேய்ந்த இடத்தைக் காட்டி, ஏன் இப்படித் தேய்ந்தது என்று கேட்போம்.

மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவிப் பால் எடுத்த கைகள் நம் குடும்பத்துக் கைகள். அந்தக் கை ஒரு நிமிடம் டயரையும் தடவிப் பார்க்கட்டும். நம் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.