முதல் நாள் காலை, அம்மாவின் கண் ஏன் கலங்குகிறது?

கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி உண்டு. ஆனால் ஆறாம் ஆண்டோடு சரி. முதலாம் படிவத்துக்குத் தோட்டத்தைத் தாண்டி, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். அன்று காலை புதுச் சீருடையைப் பார்த்துச் சிரிக்கும் அம்மாவின் கண்ணே கலங்கவும் செய்கிறதே, கவனித்திருக்கிறீர்களா?

மகிழ்ச்சி கூடினால் சோகம் குறையும், இரண்டும் தராசுத் தட்டுகள் போல என்று உளவியலாளர் பலர் கருதினர். ஜெஃப் லார்சன், ஜான் கசியோப்போ குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டமளிப்பு நாளிலும் விடுதியைக் காலி செய்யும் நாளிலும் இரண்டையும் ஒருசேர உணர்ந்தவர்கள், சாதாரண நாளைவிட மிக அதிகம். ஒரே நிகழ்வில் கிடைப்பதும் கைவிட்டுப் போவதும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே எழும்.

அம்மாவுக்கும் அதேதான். பிள்ளை வளர்ந்துவிட்டது, ஆனால் பாடம் வீட்டில் பேசாத மொழியில், பள்ளியோ கூப்பிடு தூரத்தில் இல்லை. "சாப்பிட்டியா, பஸ் நேரத்துக்கு வந்துச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது சந்தேகத்தால் அல்ல (எரிச்சல் வரும்தான்!). தெரியாததைத் தெரிந்துகொண்டால் கவலை சற்றுத் தணியும். மாலையில் "ம்ம், பரவாயில்ல" என்று முடித்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரையாவது சொல்லிப் பாருங்கள்.